மீகாவின் முழங்கால்

1

எஸ்தர் சித்தியின் போன் வந்தால் அதைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். சித்தி தூத்துக்குடியில் இருக்கிறாள். நான் நியூசிலாந்தில் தௌரங்கா என்கிற துறைமுக ஊரில் இருக்கிறேன். இடையில் கிடக்கும் கடலைத் தன் தொண்டையாலேயே தாண்டிவிட வேண்டும் என்பது சித்தியின் எண்ணம். போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் கண்டெய்னர் காகிதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது.

“ஏளா மெர்சி, மருமகனுக்கு முழங்கால் எப்படி இருக்கு?”

எனக்கு மருமகன் கிடையாது. ஒரே மகள் ஷைனி. இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. சித்தி வேறு யாரையோ கூப்பிட நினைத்து என்னைக் கூப்பிட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

“யாரு மருமகன் சித்தி?”

“பாத்தியா, இன்னும் மறைக்க. கோயில்ல ஐயரே வாசிக்காரு. நியூசிலாந்துல இருக்க ஷைனிக்காகவும் சகோதரன் மீகாவோட முழங்கால் ஆபரேஷனுக்காகவும்னு மூணு வாரமா ஜெபம் பண்ணுதோம். எனக்கே மூட்டு வலி. அந்தப் பையனுக்காக நான் முழங்காப் போட்டுக் கெடக்கேன். நீ யாரு மருமகன்னு கேக்க.”

எங்கள் பக்கத்து சபைகளில் சர்ச்சைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.

மீகா என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி. மீகா எங்கள் மருமகன் இல்லை. எங்களை இன்னார் என்றே அறியாத ஓர் அமெரிக்கன். கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்தி, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாவற்றையும் கலந்து அடித்துக்கொள்ளச் சொல்கிறார்களே, அந்த எம்.எம்.ஏ. சண்டையில் எட்டு வருடமாக உலகப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன். எழுபத்தெட்டு வயதான என் அப்பா அவனுடைய பரம ரசிகர்.

“எத்தன தடவ அவனுக்கு விசா நீட்டிச்சுக் கொடுத்தாரு ஆண்டவரு. இதையும் பாத்துக்கிடுவாரு. நீ கவலப்படாத,” என்று சொல்லிவிட்டு சித்தி வைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. ஷைனிக்கு உண்மையிலேயே ஒரு பையன் இருந்தான். அவன் பெயர் மீகா இல்லை. அவனைப் பற்றி அப்பாவிடம் சொல்லத் தைரியம் வராமலேயே எனக்கு ஒரு வருடம் ஓடியிருந்தது.

2

மீகா எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போன நான், திரும்பும்போது அப்பாவையும் ஆறு மாத விசாவில் இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் வர மறுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. பெட்டியைக் கட்டினேன், கூட வந்தார், அவ்வளவுதான். விமான நிலையத்தில் மட்டும் வாயைத் திறந்தார். இந்த நாட்டில் வெளியிலிருந்து ஒரு விதை, ஒரு பூச்சி உள்ளே வந்துவிடக் கூடாது என்று குடைந்து குடைந்து பார்ப்பார்கள். அப்பாவின் பெட்டியில் உடன்குடிக் கருப்பட்டி இருந்தது. அதிகாரி ஒன்றைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். மிஷன் பள்ளியில் படித்த சுத்தமான ஆங்கிலத்தில் அப்பா, “இது பனை வெல்லம், ஐயா. இதற்கு உயிர் இல்லை,” என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதோடு சரி. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அப்பா பேசவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கை கழுவிவிட்டுப் போய் ஜன்னல் பக்கம் உட்காருவார். டீ வைத்தால் குடிப்பார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். அப்பா வேலை பார்த்ததெல்லாம் தூத்துக்குடி துறைமுகத்தில். கப்பலில் ஏற்றிய சரக்கு நடுக்கடலில் உருண்டு புரளாமல் இருக்க, கயிறும் சங்கிலியும் போட்டுக் கட்டுகிற ஆட்களுக்கு ஃபோர்மேன். இங்கேயும் துறைமுகம் இருக்கிறதே, கூட்டிப்போய்க் காட்டினால் தேறுவார் என்று நினைத்தேன். வேலிக்கு வெளியே நின்று மரம் ஏற்றும் கப்பல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போவோமா,” என்றார்.

அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. மனிதர் அழுதால் தேற்றலாம், கோபித்தால் சமாதானம் சொல்லலாம். இப்படி இருந்தால் என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்போது பத்தொன்பது வயதான ஷைனி டிவியில் சண்டை பார்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கிற சண்டை எங்களுக்கு ஞாயிறு மாலை வரும். கர்த்தருடைய நாளில், துக்கத்தில் இருக்கிற கிழவர் முன்னால், ஒருவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுவதைப் போட்டுக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு எரிச்சல். ரிமோட்டைப் பிடுங்கப் போனேன்.

“இரு மக்கா,” என்றார் அப்பா. “அவன் எப்படிக் கட்டுதான் பாரு.”

திரும்பிப் பார்த்தேன். பட்டம் வைத்திருந்தவன் ஒரு குத்து விட்டால் ஆள் காலி என்று பெயர் வாங்கியவனாம். எதிராளியாக வந்தவன் சாதுவான முகம், தடித்த கழுத்து. அவன் குத்த வரவில்லை. குனிந்து போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு சாய்த்தான். விழுந்தவனின் ஒரு கையைத் தன் காலுக்கு அடியில் சொருகினான், இன்னொரு கையைத் தோளோடு சேர்த்து இறுக்கினான். அதன் பிறகு ஒன்றும் அவசரம் இல்லை அவனுக்கு.

“மொதல்ல இடுப்பு. பெறவு தோளு. கடைசியில கழுத்து. சரக்கு அசையாது,” என்றார் அப்பா.

கழுத்துக்கு வந்ததும் பழைய சாம்பியன் தரையை மூன்று முறை தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான். ரெஃப்ரி விலக்கிவிட்டார். புதியவனின் இடுப்பில் தங்கநிறத்தில் அகலமான பெல்ட்டைக் கட்டினார்கள். அவன்தான் மீகா. ஷைனி விதிகளை எல்லாம் தாத்தாவுக்கு ஆங்கிலமும் தமிழும் கலந்து விளக்கினாள். கேட்டுக்கொண்டே இருந்த அப்பா, “ஏளா மெர்சி, இன்னும் ஒரு டீ போடேன்,” என்றார்.

அம்மா போன பிறகு அவர் கேட்டு வாங்கிக் குடித்த முதல் டீ அது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நன்றாக அழுதேன். அந்த விளையாட்டு எனக்கு இன்றுவரை பிடிக்காது. ஆனால் மீகாவை நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லமாட்டேன்.

3

அப்பா ஊர் திரும்பினார். மீகா ஜெயித்துக்கொண்டே இருந்தான்.

நீண்ட கைக்காரன் வந்தான், உதைக்காரன் வந்தான், யாராலும் சாய்க்க முடியாதவன் என்று பீற்றிக்கொண்டு ஒருவன் வந்தான். எல்லோரும் ஒரே மாதிரி கட்டுண்டு கிடந்தார்கள். ஒரு கட்டத்தில் ஜனங்களுக்கே சலித்துவிட்டது. இவன் சண்டை போடுவதில்லை, கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்கிறான் என்று கூட்டம் கூச்சல் போடும். ஷைனி இதைச் சொன்னபோது அப்பா அசரவில்லை. “சரக்கு ஆடாமப் போய்ச் சேந்தா எவன் கைதட்டுதான்? சரிஞ்சு விழுந்தாத்தான் கூட்டம் கூடும்,” என்றார்.

இந்த எட்டு வருடத்தில் நாங்கள் மூன்று வீடு மாறினோம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் கிவிப்பழம் தரம் பிரிக்கிற கொட்டகையிலிருந்து இந்த ஏற்றுமதி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். கடவுச்சீட்டின் நிறம்கூட மாறிவிட்டது. குடியுரிமை அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது என்றார்கள். அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அதிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் எல்லாம் அப்பாவின் பெயருக்குத்தான் மரியாதை. இப்படி எல்லாம் ஆட்டம் கண்டு மாறிக்கொண்டிருந்த காலத்தில், மீகா மட்டும் வைத்த இடத்தில் இருந்தான். ஜெயிக்கிறவனே ஜெயிப்பது சலிப்பு என்று சொல்கிறவர்கள், அடிக்கடி வீடு மாறாதவர்களாக இருக்க வேண்டும்.

ஷைனி படிப்பு முடிந்து ஹாமில்டனில் வேலை கிடைத்து அங்கேயே தனி வீடு எடுத்துப் போய்விட்டாள். காரில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் போனது போனதுதான். என்னோடு பேசுவது முழுக்க ஆங்கிலம். அவள் தமிழில் மிச்சம் இருந்ததெல்லாம் தாத்தாவுக்காக. “தாத்தா, அவன் முடிச்சை அவுத்துட்டான் பாத்தீங்களா,” என்பாள். கட்டு, முடிச்சு, இறுக்கு, அவிழ் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கத்தரிக்காய்க்குத் தமிழில் என்ன என்று கேட்டால் முழிப்பாள்.

அப்பாவுக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. சண்டை முடிகிற நேரம் தூத்துக்குடியில் ஞாயிறு காலை பத்து, பத்தரை. கோயிலில் ஆராதனை நடந்துகொண்டிருக்கும். ஆராதனையை விட முடியாது, மீகா என்ன ஆனான் என்று தெரியாமல் பிரசங்கத்தில் மனது நிற்காது. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ஜெயிச்சா ஒரு மிஸ்டு கால் குடு. தோத்தா குடுக்காத. நான் தெரிஞ்சிக்கிடுதேன்.”

நான் வெளிநாடு வந்த புதிதில், போன் பேசினால் காசு கரைந்த காலத்தில், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன் என்பதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிற பழக்கம் எங்களுக்குள் இருந்தது. அதைத்தான் தூசி தட்டி எடுத்தார். மீகா ஜெயித்த ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவேன். அப்பாவின் சட்டைப் பைக்குள் போன் ஒரு தடவை அதிரும். வீட்டுக்கு வந்ததும் ஷைனியை வீடியோவில் கூப்பிடுவார். அவள் போனை டிவிக்கு முன்னால் வைத்துவிட்டு மறுபடி போட்டுக்காட்டுவாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அலசுவார்கள். என் வேலை மிஸ்டு காலோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு அப்பா ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பார். பிறந்தநாள், கல்யாணநாள், காய்ச்சல் சுகமானது என்று குடும்பங்கள் நன்றி சொல்லிக் காணிக்கை வைத்தால், ஐயர் அதை ஆராதனையில் வாசிப்பது எங்கள் வழக்கம். சண்டை, குத்து என்றெல்லாம் கோயிலில் வாசிக்க முடியுமா? அப்பா தன் கோயில் தமிழில் சொல்லிக்கொடுப்பார். “பேத்தி ஷைனியின் பெயரில், சகோதரன் மீகா தன் ஸ்தானத்தில் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டதற்காக.”

சபையில் பாதி வீட்டுப் பிள்ளைகள் துபாயிலும் மஸ்கட்டிலும் காண்டிராக்ட் வேலையில் இருக்கிறவர்கள். மறுபடி நிலைநிறுத்தப்பட்டான் என்றால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், விசாவை நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான். மீகா என்பது வேதாகமப் பெயர். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு மீகா இருப்பான். யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

4

இப்போது உண்மையான பையனுக்கு வருகிறேன்.

அவன் பெயர் விலியாமி. பெற்றோர் டோங்கா தீவிலிருந்து வந்தவர்கள், அவன் இங்கேயே பிறந்தவன். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்துதான் எங்கள் வீட்டுக்குள் வருவான். ரக்பி விளையாடி அடிபட்டவன் என்பதால் ஒரு காலை என் ஸ்டூலில் நீட்டிவைத்துத்தான் உட்காருவான். பாலர் பள்ளியில் ஆசிரியர் வேலை. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற வேலையை இவ்வளவு பெரிய உடம்பு செய்வதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். ஷைனி சண்டை பார்க்கும்போது இவன் கையால் கண்ணைப் பொத்திக்கொள்வான். எப்போதும் தோற்கப் போகிறவன் கட்சி. “பாவம், அவனுக்கும் வீட்டில் அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்,” என்பான்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கருப்பட்டியைச் சாக்லேட் மாதிரி கடித்துத் தின்கிறவனை எப்படி வெறுப்பது?

ஆனால் அப்பா என்ற பேச்சு வந்ததும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அப்பாவின் தம்பி ஜெயராஜ் சித்தப்பா. அவர் மகன் சென்னையில் கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். நம் சனம் இல்லை. அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரே தெருவில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடம் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா எத்தனையோ சொல்லிப் பார்த்தாள்.

அப்பா கோபித்தால் தாங்கிக்கொள்வேன். அந்த மௌனத்துக்குள் திரும்பப் போய்விட்டால், அதுவும் தாத்தாவின் உயிராக இருக்கிற ஷைனியிடம் பேச்சை நிறுத்திவிட்டால், அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. இதுதான் என் பயம். வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பரில் ஷைனி சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு விலியாமியைத் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய் தாத்தாவின் முன்னால் நிறுத்தப் போகிறாளாம். தாத்தா தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினால்தான் கல்யாணம். “அதுக்கு முன்னாடி நீங்க சொல்றீங்களா அம்மா, நான் சொல்லட்டுமா?” என்றாள். நான் சொல்கிறேன், நான் சொல்கிறேன் என்று ஒரு மாதம் தள்ளினேன். “சீக்கிரம் சொல்லிருங்க,” என்று மட்டும் சொல்லி அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு விசா விண்ணப்பம் வந்து மாட்டியது. கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகிறது இந்திய அரசாங்கம். உடம்பில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் என்ன? இவனுக்கு உடம்பே அடையாளம். அப்பா பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர். எல்லாவற்றையும் நிரப்பி முடித்தால், இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயர், முகவரி, போன் நம்பர் கொடு என்கிறது. அங்கே அவனைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? அப்பாவின் பெயரைத்தான் போட வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் எப்படிப் போடுவது?

“எஸ்தர் சித்தி பேரப் போட்டா என்ன?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அதுக்குப் பேப்பர்ல விளம்பரமே குடுத்துரலாம்,” என்றேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு மீகாவுக்குச் சண்டை இருந்தது. நாள் பார்த்துக்கொண்டேன். மீகா ஜெயிப்பான், அப்பா சந்தோஷத்தில் இருப்பார், அந்தச் சூட்டோடு விஷயத்தைச் சொல்லிவிடுவது. எட்டு வருடம் ஜெயித்தவன் எனக்காக இன்னொரு முறை ஜெயிக்கமாட்டானா?

5

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சண்டையை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். மடியில் போன். அப்பாவின் நம்பரை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன்.

எதிரே வந்தவன் பச்சைப் பையன். மீகா பட்டம் வாங்கியபோது இவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பான். மீகாவுக்கு முன்மண்டையில் முடி போயிருந்தது. தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற முதல் சண்டை என்று வர்ணனையாளர் சொன்னார். இருந்த பதற்றத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை.

முதல் ரவுண்டில் வழக்கம்போல இடுப்பைப் பிடித்துச் சாய்த்தான். எனக்கு உயிர் வந்தது. இரண்டாவதில் பிடித்தான், பையன் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு நழுவினான். மூன்றாவதில் பிடிக்கவே முடியவில்லை. மூச்சு வாங்கியது. ஆனாலும் குனிந்து குனிந்து இடுப்பைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தான். அவனுக்குத் தெரிந்த வேலை அதுதானே. நான்காவது ரவுண்டில் அப்படிக் குனிந்து போனபோது பையனின் முழங்கை காதோரத்தில் இறங்கியது. மீகா கீழே விழுந்தான். ரெஃப்ரி பாய்ந்து நடுவில் படுத்துச் சண்டையை நிறுத்தினார்.

அரங்கம் முழுக்கச் சத்தம். மீகா மெதுவாக எழுந்தான். அந்தப் பையன் அழுதுகொண்டிருந்தான். பெல்ட்டைக் கொண்டுவந்தவரிடமிருந்து மீகாவே அதை வாங்கி, பையனின் பின்னால் போய் நின்று இடுப்பில் கட்டிவிட்டான்.

என் விரல் அப்பாவின் நம்பருக்கு மேலேயே நின்றது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக மிஸ்டு கால் கொடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். அங்கே கோயிலில் அப்பா சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அரைமணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். மிஸ்டு கால் இல்லை, முழுசாக அடித்தது.

“தோத்துட்டானா?”

“ஆமாப்பா.”

“எழும்பி நின்னானா?”

“நின்னான். பெல்ட்ட அவனே எடுத்து அந்தப் பையன் இடுப்புல கட்டிவிட்டான்.”

அப்பா பேசவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“இறுக்கிக் கட்டுனானா?” என்றார்.

“என்னப்பா?”

“கட்டுதவன் இறுக்கிக் கட்டணும்லா. அரைமனசாக் கட்டுனா அவுந்து விழுந்துரும்.”

“நல்லா இறுக்கித்தான் கட்டுனான்.”

“அப்பச் சரி. போன தடவையே விட்டுட்டுப் போயிருக்கலாம் அவன். சொன்னா எங்க கேக்கான்.”

மீகா இவர் பேச்சைக் கேட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். குரலில் வருத்தம் இருந்தது, உடைசல் இல்லை. இனிமேல் நாள் பார்த்துப் பயன் இல்லை என்று நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“அப்பா, ஷைனி விஷயமா ஒன்னு சொல்லணும். ஒரு பையன் இருக்கான். நம்ம ஆளுக இல்ல. இந்தியனே இல்ல. டோங்கான்னு ஒரு தீவு...”

“பாலர் பள்ளிக்கூடத்து வாத்தியாரு,” என்றார் அப்பா. “டீயில சீனி போடமாட்டான். வலது முழங்கால்ல ஆபரேஷன். இப்ப படி ஏறுதானா?”

உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன்.

“ஏளா, ரெண்டு வருஷமா ஷைனி சண்டையப் போட்டுக் காட்டும்போது பக்கத்துல ஒரு கை வந்து டீ வச்சிட்டுப் போவுது. பலாப்பழம் மாதிரி கை. யாருன்னு கேக்கமாட்டேனா? கேட்டேன். பிள்ள அழுதுகிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா. அம்மாவே உங்ககிட்ட சொல்லணும் தாத்தா, அதுவரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாதீங்கன்னா. சரின்னேன்.”

“அப்போ கோயில்ல ஜெபம் பண்ணுனது? மீகாவுக்கு முழங்கால்...”

“மீகாவுக்குத் தோளுலா. முழங்கால் நம்ம பையனுக்கு. புதுசா ஒரு பேரக் குடுத்தா யாரு எவருன்னு கேப்பாவ. மீகாவ சபையில எல்லாருக்கும் பழக்கம். ஆண்டவருக்குத் தெரியும் யாருக்குன்னு.”

எஸ்தர் சித்தியும் மூட்டுவலிக்காரக் கிழவிகளும் சரியான ஆளுக்காகத்தான் முழங்கால் போட்டிருக்கிறார்கள். சபை முழுக்கத் தெரிந்த என் மருமகனை எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

“உங்களுக்குக் கோவம் இல்லையாப்பா? ஜெயராஜ் சித்தப்பா வீட்டு விஷயத்துல நீங்க...”

“போன ஈஸ்டருக்கு அவன் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். மருமக நல்லா ஆப்பம் சுடுதா. பன்னெண்டு வருஷம் சும்மா இறுக்கிப் பிடிச்சிட்டுக் கெடந்தேன் மக்கா. கை வலிச்சதுதான் மிச்சம்.”

நான் அழுதுகொண்டிருந்தேன். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“எப்பச் சொல்லுவ, எப்பச் சொல்லுவன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்கம்மா போனதுலருந்து நீ எனக்கு மிஸ்டு கால்தான் குடுக்க. நல்ல சேதின்னா ஒரு ரிங்கு. கெட்ட சேதின்னா அதுவும் இல்ல. இன்னைக்குத்தான் எடுத்துப் பேசுத.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விசா பேப்பரில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

“போடு. இனிஷியல் ரெண்டு எழுத்து, விட்டுராத,” என்றார்.

6

டிசம்பரில் போய்விட்டு வந்தோம். தௌரங்காவில் இப்போது கோடைக்காலம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பெட்டியில் வந்த கருப்பட்டியை இந்த முறையும் அதிகாரிகள் முகர்ந்து பார்த்தார்கள்.

அங்கே நாங்கள் இருந்தபோது கோயிலில் அசனம் வந்தது. சபை முழுக்கச் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். விலியாமியைப் பார்த்ததும் சமையல்காரர்கள் விடவில்லை. மூன்று பேர் சேர்ந்து தூக்குகிற சோற்று அண்டாவை ஒரு பக்கம் இவனை மட்டும் பிடிக்கச் சொல்லித் தூக்கினார்கள். எல்லோருக்கும் அவன் மீகாதான். “வாங்க மீகா”, “மீகா தம்பி, இங்கன வந்து உக்காருங்க.” ஷைனி சொல்லிவைத்திருந்தபடியால் எல்லாவற்றுக்கும் திரும்பிச் சிரித்தான். எப்போதும் தோற்கிறவன் கட்சியில் இருந்தவனுக்கு இப்படி ஒரு சாம்பியனின் பெயர் வந்து சேர்ந்தது. விசா இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். எஸ்தர் சித்தி அவன் முழங்காலைத் தொட்டே பார்த்துவிட்டாள்.

அசனத்துக்கு முன்னால் ஆராதனை. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் ஷைனிக்கும் சித்திக்கும் நடுவில் இருந்தேன். அந்தப் பக்கம் ஓரத்தில் அப்பா, அடுத்து விலியாமி, அதற்கடுத்து ஜெயராஜ் சித்தப்பா. விலியாமி உட்கார்ந்ததில் மற்ற இருவருக்கும் பெஞ்சில் இடம் குறைவாகத்தான் இருந்தது.

ஜெபத்துக்கு ஐயர் முழங்கால்படியிடச் சொன்னார். சபை முழுவதும் பெஞ்சுகள் நகர்ந்தன. அப்பா குனிவதற்கு முன்னால் விலியாமியின் கையைப் பிடித்து, நீ உட்கார்ந்தே இரு என்று சைகை காட்டியது தெரிந்தது. டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தார், இன்னும் கொஞ்ச நாள் முழங்கால் போட வேண்டாம், போட்டே ஆக வேண்டுமென்றால் பார்த்துப் போடு என்று. விலியாமி ஒரு கணம் யோசித்தான். பிறகு முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் மடக்கி, வலது காலை மெதுவாக, மிக மெதுவாக இறக்கி, தரையில் முழங்காலில் நின்றான்.

கண்ணை மூடியிருக்க வேண்டிய பெண்கள் பக்கம் முழுவதும் திறந்த கண்ணோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக, மூச்சு விடுகிற மாதிரி, “ஸ்தோத்திரம்” என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் செய்த ஜெபம், அவள் கண் முன்னால் தரையில் நின்றது.

நான் தலை குனிந்தேன். பெஞ்சில் இருந்த கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ஒரே ஒரு ரிங். நின்றுவிட்டது.

எடுத்துப் பார்த்தேன். அப்பா.

அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடி, முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். ஒரு கை மட்டும் இன்னும் சட்டைப் பைக்குள் இருந்தது.